பிடில் வாசிக்கும் தீவு

நம் வீட்டுப் பெரியவர்கள் கச்சேரியைப் பற்றிப் பேசும்போது 'வயலின்' என்று சொல்லமாட்டார்கள். 'பிடில்' என்றுதான் சொல்லுவார்கள். திருக்கோடிகாவல் கிருஷ்ணையரின் பிடில் என்றும், கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையின் பிடில் என்றும் அவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். நாளடைவில் அந்தச் சொல் பழமைப்பட்டுப் போயிற்று. ஆனால் கனடா நாட்டின் கீழ்க்கோடியில், அட்லாண்டிக் கடலோரத்தில், ஒரு தீவு இருக்கிறது. அங்கே இன்றும் கிராமத்து மக்கள் வயலின் வாசிப்பதில்லை; பிடில்தான் வாசிக்கிறார்கள். கருவி ஒன்றே, வாசிப்பும் அதைச் சூழ்ந்த வாழ்வும் வேறு. கேப் பிரெட்டன் என்னும் அந்தத் தீவிற்கு ஒரு கோடைக்காலத்தில் நாங்கள் சென்றிருந்தோம். கண்டதையும் கேட்டதையும் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவேண்டும் என்று அப்போதே எண்ணினோம். பிறந்த ஊரை விட்டு வந்தவர்களின் கதை அது. ஆகவே நமக்கும் உரிய கதை.

கடலை அடைத்த பாதை

ஹாலிபாக்ஸ் நகரிலுள்ள உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கிருந்து காலையில் மோட்டாரில் புறப்பட்டால் மூன்று மணி நேரத்தில் கான்சோ நீரிணையை அடையலாம். முன்னாளில் அதைப் படகில்தான் கடக்கவேண்டும். பாறைகளைக் கொட்டிக் கடலை அடைத்து, ஒரு மைலுக்குச் சற்றுக் குறைந்த நீளத்திற்குப் பாதை அமைத்து, 1955-ஆம் ஆண்டில் திறந்தார்கள். திறப்பு நாளன்று நூறு பேர் பைக்குழல் ஊதிக்கொண்டு அதன்மேல் அணிவகுத்துச் சென்றார்களாம். சேது கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாதையின்மேல் செல்லும்போது உள்ளம் சற்றே சிலிர்த்தது.

தீவில் கால் வைத்ததும் இடப்புறம் திரும்பி வடக்கே செல்லும் 19-ஆம் எண் சாலையில் போனோம். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் பச்சை மலை. இடையிடையே மர வீடுகளும் வெள்ளை நிற மாதா கோயில்களும் வந்தன. ஜூடிக், மாபு, இன்வர்னெஸ் என்று ஊர்ப்பெயர்கள் தொடர்ந்தன. சில ஊர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு வேறொரு மொழியும் எழுதியிருந்தது. அதுதான் கேலிக் மொழி; ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் தாய்மொழி.

இந்தச் சாலைக்கு 'கேலி வழி' என்று பெயர். எங்கள் மகள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். 'கேலி' என்றால் அவர்கள் மொழியில் ஒருவர் வீட்டிற்கு மற்றவர் போய் அமர்ந்து அளவளாவுதல் என்று பொருள். மாலையில் அண்டை அயலார் ஒரு வீட்டு அடுப்பங்கரையில் கூடுவார்கள், கதை சொல்லுவார்கள், பாடுவார்கள், சுவரில் மாட்டியிருக்கும் பிடிலை யாராவது எடுப்பார்கள். அந்தக் கூட்டத்திற்கே கேலி என்று பெயர். இப்போது அந்தச் சொல் சிறு கச்சேரிகளுக்கும் வழங்குகிறது.

மூட்டையில் வந்த சங்கீதம்

இம்மக்கள் இங்கே வந்தது விரும்பியன்று. 1746-இல் கலோடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டார் தோற்றனர். அதன் பின் அவர்களுடைய பழைய வாழ்க்கை முறை சிதைந்தது. நிலப்பிரபுக்களுக்குக் குடியானவர்களைவிட ஆடுகள் அதிக வருமானம் தந்தன. ஆடு மேய்ப்பதற்காக ஊர்களைக் காலி செய்தார்கள். 1773-இல் 'ஹெக்டர்' என்ற கப்பல் சுமார் இருநூறு பேரை நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ துறையில் கொண்டுவந்து இறக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல்லாயிரம் பேர் கேப் பிரெட்டன் தீவிற்கு வந்து சேர்ந்தனர். காட்டை வெட்டிக் குடிசை போட்டனர். ஒரே ஊரார், ஒரே குலத்தார் பக்கத்தில் பக்கத்தில் குடியேறினர். பழைய ஊர்களின் பெயர்களையே புதிய ஊர்களுக்கும் இட்டனர்.

அவர்கள் மூட்டையில் இடம் குறைவு. ஆயினும் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட மெட்டுகளுக்கு மூட்டையில் இடம் வேண்டியதில்லை அல்லவா? ஸ்காட்லாந்தில் காலப்போக்கில் அந்தப் பழைய வாசிப்பு மாறிற்று. மண்டபக் கச்சேரிக்கு ஏற்றவாறு மெருகு ஏறிற்று. கடலுக்கும் மலைக்கும் இடையே ஒதுங்கிக் கிடந்த தீவில் அது பெரிதும் பழைய நடையிலேயே நின்றது.

அதே பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வேறு பலர் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்குச் சென்றனர். அங்கே பிடிலோடு, ஆப்பிரிக்கரின் வழிவந்த பாஞ்சோ சேர்ந்துகொண்டது; புதியதொரு நாட்டு இசை பிறந்தது. விர்ஜீனியா மாநிலத்து காலக்ஸ் என்னும் ஊரில் 1935 முதல் நடந்துவரும் பிடில்காரர் மாநாடு அந்த இசைக்குப் பெயர் பெற்றது. ஒரு வேரின் இரண்டு கிளைகள் இவை. ஒன்று புதிய மண்ணோடு கலந்து உருமாறிற்று. மற்றது கூடியவரை பழைய உருவத்தோடு நின்றது. இரண்டில் எது மேல் என்று கேட்பது வீண்.

வாசிப்பின் நுட்பம்

ஜூடிக் ஊரில் இந்த இசைக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. பழைய இசைத்தட்டுகள், படங்கள், பிடில்கள் ஆகியவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், கற்றும் கொடுக்கிறார்கள். நண்பகல் உணவு வேளையிலேயே ஒருவர் பிடில் வாசிக்க, ஒருவர் பியானோவில் பக்கம் வாசித்தார்.

நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து கருவியின் தலையைக் காலில் ஊன்றிக்கொள்ளுகிறார்கள். இவர்கள் நாற்காலியில் அமர்ந்து கருவியைத் தோளில் சாய்த்துக்கொள்ளுகிறார்கள். கால்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டு கால்களும் மாறி மாறித் தரையில் தாளம் தட்டுகின்றன. மிருதங்கம் இல்லாத குறையை அவை தீர்த்துவிடுகின்றன. சில மெட்டுகளுக்குக் கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒவ்வொரு முழுச் சுரம் ஏற்றிக்கொள்ளுகிறார்கள். அப்போது தனியாகச் சுருதி போட்டாற்போல ஒரு முழக்கம் எழுகிறது. ஒரே சுரத்தை வில்லினால் மூன்று துண்டாக வெட்டி விரைவாக வாசிப்பது ஓர் அழகு. பைக்குழலில் வரும் உதறல்களை விரலால் காட்டுவது மற்றோர் அழகு.

பெரும்பாலும் முதலில் நிதானமான நடையில் தொடங்குகிறார்கள். அடுத்து 'ஸ்ட்ராத்ஸ்பே' என்னும் நடை. ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் பெயரால் வழங்குவது. முடிவில் 'ரீல்' என்னும் துரித நடை. நடுவே நிறுத்துவதில்லை, ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவுகிறார்கள். ஸ்ட்ராத்ஸ்பேயில் ஒரு குறிலும் அதை ஒட்டி ஒரு நெடிலுமாகச் சுரங்கள் துள்ளுகின்றன. நம் யாப்பில் 'பலா', 'கனா' என்று வரும் நிரையசையைச் சொல்லிப் பாருங்கள். அந்தத் துள்ளல் புலப்படும். அது கேலிக் மொழிப் பேச்சின் துள்ளல் என்றும், அம்மொழி தெரிந்தவர் வாசித்தால் பிடிலே பேசும் என்றும் தீவின் முதியோர் சொல்லுவர். இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எங்கள் நாட்டிலும் இந்தக் கருவி உண்டு என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னோம். சென்னையில் ஐரோப்பியரிடம் பயின்று இதை நம் சங்கீதத்திற்குக் கொண்டுவந்தவர் பாலுசுவாமி தீட்சிதர். அவருடைய தமையனார் முத்துசுவாமி தீட்சிதர், கோட்டையில் ஒலித்த மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார். அவற்றை நோட்டுஸ்வரம் என்கிறோம். அவற்றுள் 'வந்தே மீனாட்சி' என்பது 'ரேக்ஸ் ஆவ் மாலோ' என்ற அயர்லாந்து மெட்டு. எங்கள் மகள் அதை மெல்லப் பாடிக் காட்டினாள். இரண்டு அடி கேட்டதும் பிடில்காரர் சிரித்தார். வில்லை எடுத்து மூன்றாவது அடியிலிருந்து அவரே தொடர்ந்தார்.

எரித்தவரும் காத்தவரும்

இந்த இசைக்குச் சோதனைகள் வராமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாபு ஊரில் இருந்த ஒரு குருவானவர், பிடில் ஆட்டத்தையும் குடியையும் வளர்க்கிறது என்று கருதி, வீடு வீடாகப் பிடில்களை வாங்கி எரித்துவிட்டார் என்று சொல்லுகிறார்கள். நல்ல பிடிலை ஒளித்து வைத்துவிட்டுப் பழுதானதைக் கொடுத்தவர்களும் உண்டாம்!

தீயைத் தாண்டிய கலைக்கு இருபதாம் நூற்றாண்டில் வேறு விதமான ஆபத்து வந்தது. இளைஞர்கள் வேலை தேடிப் பாஸ்டன் முதலிய நகரங்களுக்குப் போனார்கள். வானொலியும் பின்னர்த் தொலைக்காட்சியும் புதிய பாட்டுகளைக் கொண்டுவந்தன. 1971-இல் ரான் மாக்கின்னிஸ் என்பவர் கனடா ஒளிபரப்புக் கழகத்திற்காக ஓர் ஆவணப்படம் எடுத்தார். 'மறைந்துவரும் கேப் பிரெட்டன் பிடில்காரர்' என்பது அதன் தலைப்பு. பிடில் வாசிப்போர் முதியவர்களாகிவிட்டனர், இளைஞர் கற்பதில்லை, ஆகவே இக்கலை விரைவில் மறையும் என்பது படத்தின் முடிவு.

தீவில் கோபம் மூண்டது. ஆனால் அவர்கள் கண்டனக் கடிதத்தோடு நிற்கவில்லை. கிளெண்டேல் ஊர்க் குருவானவர் ஜான் ஆங்கஸ் ராங்கினும் அன்பர் சிலரும் கூடி ஒரு குழு அமைத்தனர். மூலை முடுக்கெல்லாம் தேடிப் பிடில்காரர்களை அழைத்தனர். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் உறங்கிய பிடில்கள் வெளியே வந்தன. 1973-ஆம் ஆண்டு ஜூலையில் கிளெண்டேலில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே மேடையில் அமர்ந்து ஒருசேர வாசித்தனர். ஒரு காலத்தில் ஒரு குருவானவர் எரித்த கருவியை மற்றொரு குருவானவர் மேடை ஏற்றிய விந்தை இது!

அதைவிட முக்கியமான காரியம் அதன் பிறகு நடந்தது. சிறுவர்களுக்கு வகுப்புகள் தொடங்கினர். பள்ளி ஆசிரியரான ஸ்டான் சாப்மனிடம் பயின்றவர்களில் நாட்டலி மாக்மாஸ்டரும் ஆஷ்லி மாக்கைசக்கும் உலகப் புகழ் பெற்றனர். படம் வந்தபோது அவர்கள் இருவரும் பிறக்கவே இல்லை.

நாட்டலியின் பெரியப்பா படி மாக்மாஸ்டர். அவர் ரயில்வே ஊழியர். நம்மில் பலர் குடும்பங்களும் ரயில்வே உத்தியோகத்தால்தான் ஊர் விட்டு ஊர் வந்தன; ஆகவே அவரைப் பற்றிக் கேட்கையில் தனியன்பு உண்டாயிற்று. பகலில் நிலையத்தில் வேலை. இரவில் ஊர் ஊராகச் சென்று ஆட்டத்திற்கு வாசிப்பு. இப்படிப் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அவருடைய முதல் தனி இசைத்தட்டு 1989-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள கேலிக் கல்லூரிக் கோடை வகுப்பில் கற்பிக்க அவரை அழைத்தார்கள். தாய்நாடு மறந்துபோன வாசிப்பை, வெளியேறியவர்களின் பேரன் திரும்பச் சென்று கற்றுக்கொடுத்தார். தாய்வீட்டிலிருந்து மகளுக்குச் சீர் போவது வழக்கம். இங்கே மகள் வீட்டிலிருந்து தாய்வீட்டிற்குச் சீர் போயிற்று. 2014-இல் அவர் காலமானார்.

சீர் பெற்றவர்கள் ஸ்காட்லாந்தியர் மட்டும் அல்லர். தீவின் ஆதிக்குடிகளான மிக்மாக் இனத்தைச் சேர்ந்த லீ கிரீமோ (1938–1999) சிறந்த பிடில்காரராக விளங்கினார். தீவிலிருந்து போனவர்கள் நிறைந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1955-இல் பிறந்த ஜெரி ஹாலண்டு, பின்னர்த் தீவிற்கே வந்து குடியேறி, 2009-இல் மறையும் வரை அரிய மெட்டுகளை இயற்றினார்.

சனிக்கிழமை இரவு

இக்கலை எப்படிப் பிழைத்தது என்பதை நாங்கள் ஒரு சனிக்கிழமை இரவில் கண்டுகொண்டோம். மேற்கு மாபு ஊரின் பொது மன்றத்தில் ஆட்டம் என்றார்கள். சாதாரணமான மரக் கட்டடம். மது கிடையாது. வாயிலில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். சிறு மேடையில் ஒரு பிடில், ஒரு பியானோ. வேறு ஆடம்பரம் இல்லை.

வாசிப்பு தொடங்கிற்று. நால்வர், அறுவர், எண்மராக இணைந்து வட்டமும் சதுரமுமாக ஆடத் தொடங்கினர். முதல் இரண்டு சுற்று 'ஜிக்' நடை, மூன்றாவது ரீல். ரீல் வந்ததும் மரத் தரை அதிர்ந்தது. எழுபது வயதுப் பாட்டியார் பத்து வயதுப் பேரனின் கையைப் பிடித்து ஆடினார். யாரும் யாருக்கும் பாடம் சொல்லவில்லை. பிசகினால் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார்கள். நடுவே தரை காலியாயிற்று. ஒவ்வொருவராக முன் வந்து, உடலை நிமிர்த்தி, பாதங்களால் மட்டும் நுணுக்கமாக ஆடிக் காட்டினர். கடைசியாக வந்தவள் எங்கள் மகள் வயதுச் சிறுமி. ஆடி முடித்ததும் மேடை ஏறினாள். பிடில்காரர் எழுந்து தம் கருவியை அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு மெட்டு வாசித்தாள். அவள் பிசகியபோது ஆட்டம் நிற்கவில்லை. ஆடுவோரின் காலடியே அவளைத் தாளத்திற்கு இழுத்துக்கொண்டு வந்தது.

சிட்னி நகரத் துறைமுகத்தில் சுமார் 60 அடி உயரத்திற்கு ஒரு பிடிலை நாட்டியிருக்கிறார்கள். கப்பலில் வரும் பயணிகள் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொள்ளுகிறார்கள். 1997 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் பெரிய இசைவிழாவும் நடக்கிறது. இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் அந்தப் பெரிய பிடில் கலையைக் காப்பாற்றவில்லை; இந்த மரத் தரைதான் காப்பாற்றிற்று. ஆட ஆள் இருந்ததால் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. வாரந்தோறும் வேண்டியிருந்த ஒன்று ஆண்டு விழாவிற்காகக் காத்திருக்கவில்லை.

பேச்சு என்ன ஆயிற்று?

இத்தோடு முடித்தால் இது வெற்றிக் கதை. ஆனால் அங்கே கேட்ட மற்றொன்றையும் மறைத்தல் தகாது.

மன்றத்தில் எங்கள் அருகில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். "உங்களுக்குக் கேலிக் தெரியுமா?" என்று கேட்டோம். "தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது" என்றார். அவருடைய காலத்தில், ஆங்கிலம் பேசினால்தான் பள்ளியில் தேறலாம், நகரத்தில் வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கருதினர். தாங்கள் இருவரும் இரகசியம் பேசக் கேலிக். பிள்ளைகளிடம் பேச ஆங்கிலம். "பிடிலைக் கொடுத்தோம், பேச்சைக் கொடுக்கவில்லை. பேச்சு வீட்டிலேயே இருக்கிறது, அது எங்கே போய்விடும் என்று நினைத்தோம்" என்று அவர் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் தீவின் பெரும்பகுதி வீடுகளில் வழங்கிய மொழியைப் பிறவியிலேயே கற்றவர்கள் இன்று மிகச் சிலரே. அதை மீட்க முயற்சிகள் நடைபெறுகின்றன. செயின்ட் ஆன்ஸ் ஊரில் 1938 முதல் கேலிக் கல்லூரி இருக்கிறது. 2006-இல் மாகாண அரசு இம்மொழிக்கென ஓர் அலுவலகம் ஏற்படுத்தியது. 2021-இல் மாபு ஊரில் கேலிக் வழியாகவே கற்பிக்கும் சிறுவர் பள்ளி தொடங்கிற்று. தாய் மடியில் இலவசமாகக் கிடைத்ததைப் பள்ளி வைத்துப் பெறவேண்டியிருக்கிறது. பிடில் மறைகிறது என்று ஒருவர் உரக்கச் சொன்னார், ஊர் விழித்துக்கொண்டது. மொழி ஓசையின்றி மறைந்ததால் விழிக்க நேரமாயிற்று.

திரும்பும் வழியில் காரில் எவரும் அதிகம் பேசவில்லை. எங்கள் மகள் பத்து வயது வரை வயலின் கற்றாள். பரீட்சை என்று வகுப்பை நிறுத்தியவர்கள் நாங்களே. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இந்தியில் விடை சொல்லுகிறாள். 'புரிகிறதல்லவா, அது போதும்' என்று இருந்தவர்களும் நாங்களே. அந்த முதியவர் சொன்ன சொல் எங்கள் வீட்டுச் சொல்லாகவே இருந்தது.

ஊர் திரும்பியபின் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினோம். இரண்டு தந்திகள் அறுந்திருந்தன. வில்லின் மயிர் உதிர்ந்திருந்தது. பழுது பார்க்கக் கொடுத்தோம். பெட்டி திரும்பி வந்த அன்று அவள் 'வந்தே மீனாட்சி'யை வாசித்தாள். தீவில் கேட்ட அந்தக் காலடித் தாளத்தையும் தரையில் தட்டினாள். மூன்றாவது அடியில் பிசகிற்று. "அம்மா, அடுத்தது எப்படி?" என்று கேட்டாள், தமிழில்.

அடுத்ததைப் பாடிக் காட்டினோம். அன்பர்களே, அடுத்த அடியைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்கவேண்டும். அவர்கள் கேட்கும்படி நாமும் நடந்துகொள்ளவேண்டும். அட்லாண்டிக் கரைத் தீவிலிருந்து நாங்கள் கொண்டுவந்த பொருள் இது ஒன்றே.